மயக்கம் சொல்லிலா, கற்பிக்கும் முறையிலா?

தமிழ்ப்பள்ளி மாணவன் ஒருவன் தன் தோழனிடம் ஆங்கிலத்தில் பென்சில் இரவல் கேட்கிறான். 'லெண்ட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'பாரோ' என்று சொல்லிவிடுகிறான். அருகிருந்து கேட்ட உறவினர் உடனே தீர்ப்பளித்துவிடுகிறார்: "தமிழில் படித்ததால் வந்த வினை இது!" இதே பிழையைப் பிற பள்ளி மாணவன் செய்தால் அது பிள்ளைப் பருவத்துப் பிழை; தமிழ்ப்பள்ளி மாணவன் செய்தால் அது தமிழ் செய்த பிழை. மலேசியத் தமிழரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கு இது. இவ்வழக்கில் சாட்சி இல்லை, விசாரணை இல்லை, தண்டனை மட்டும் உண்டு.

அத்தண்டனை சிறிதன்று. பிள்ளையை எப்பள்ளியில் சேர்ப்பது என்று பெற்றோர் எண்ணிப்பார்க்கும் வேளையில், "தமிழ் படித்தால் ஆங்கிலம் கெடும்" என்னும் அச்சமே பலருடைய காலைப் பின்னுக்கு இழுக்கிறது. முதலாம் ஆண்டு வகுப்பறையில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளுள் சில இவ்வச்சத்தால் காலியானவை. இதனினும் கொடிது ஒன்றுண்டு. தமிழ்ப்பள்ளி ஆசிரியருள்ளும் சிலர் இத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டுவிட்டனர். ஆங்கில வகுப்பில் தமிழ்ச்சொல் ஒன்று தவறி விழுந்தால் ஏதோ குற்றம் நிகழ்ந்ததுபோல் பதறுகின்றனர். எதிரி கூறும் பழியைவிட இல்லத்தார் ஒப்புக்கொள்ளும் பழியே குடியைக் கெடுக்கும்.

ஆங்கிலச் சொற்களில் மாணவர் மயங்குவது உண்மை. அதனை மறுப்பார் யாரும் இலர். ஆனால் அம்மயக்கத்திற்குத் தமிழ் காரணமா என்பதே கேள்வி. ஆராய்ந்து பார்த்தால், மயக்கத்தின் பெரும்பகுதி ஆங்கில மொழியின் வரலாற்றில் பிறந்தது என்பதும், அதனைப் பெருக்கி வளர்ப்பது பள்ளிகளில் வழங்கும் கற்பித்தல் முறை என்பதும், அதனைத் தீர்க்கும் மருந்து தமிழ் இலக்கணத்திலேயே இருக்கின்றது என்பதும் விளங்கும்.

ஆங்கிலேயரும் மயங்குவர்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் இச்சொற்களில் மயங்குவதில்லை என்பது ஒரு கற்பனை. ஹென்றி ஃபவுலர் என்னும் ஆங்கிலேயர் 1926-ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கில வழக்கு அகராதி ஒன்றை வெளியிட்டார். அதில், ஒன்றுக்கொன்று மயங்கும் சொற்களை, 'இணைகளும் கண்ணிகளும்' என்று பொருள்படும் தலைப்பிட்டுத் தொகுத்துக் காட்டினார். கண்ணி என்பது பறவையைப் பிடிக்க வைக்கும் சுருக்கு. அந்நூல் யாருக்காக எழுதப்பட்டது? கோலாலம்பூர்ச் சிறுவனுக்காகவா? ஈப்போத் தோட்டத்துப் பிள்ளைக்காகவா? இல்லை, எழுதிப் பழகிய ஆங்கிலேயருக்காகவே எழுதப்பட்டது. அவர்களும் அக்கண்ணிகளில் கால் சிக்கித் தடுமாறியதால்தான் அத்தகைய நூலுக்குத் தேவை ஏற்பட்டது. அவர்கள் எந்தத் தமிழ்ப்பள்ளியில் படித்து ஆங்கிலத்தைக் கெடுத்துக்கொண்டனர் என்று குறைகூறுவோர் விடையளித்தல் வேண்டும்.

அச்சொற்களின் பிறப்பை நோக்கினால் வியப்பு மேலிடும். பூவைக் குறிக்கும் 'ஃபிளவர்' என்னும் சொல்லும் மாவைக் குறிக்கும் 'ஃபிளவர்' என்னும் சொல்லும் பிறப்பால் ஒன்றே. அரைத்த தானியத்தின் சிறந்த பகுதியை அதன் பூ என்று அழைத்தனர். நெடுங்காலம் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல் வழங்கியது. பின்னரே இரண்டாகப் பிரித்தனர். பாராட்டுரையைக் குறிக்கும் 'காம்பிளிமெண்ட்' என்னும் சொல்லும் நிறைவு செய்வதைக் குறிக்கும் 'காம்பிளிமெண்ட்' என்னும் சொல்லும் ஒரே லத்தீன் தாயின் இரட்டைப் பிள்ளைகள். தாளும் மையும் விற்கும் கடைப்பொருளைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி' என்பதும், அசையாது நிற்பதைக் குறிக்கும் 'ஸ்டேஷனரி' என்பதும் அவ்வாறே. கூடையில் சுமந்து திரிந்து விற்காமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை வைத்திருந்த வணிகனின் பெயரே அவன் விற்ற பொருளுக்கும் ஆகிவந்தது. ஒரே வயிற்றில் பிறந்த இரட்டையரை அடையாளம் காண்பதில் அயலான் தடுமாறினால் அதற்கு அயலானின் தாய்மொழியைக் குற்றம் சாட்டுவது எவ்வகை நீதி?

ஆங்கிலத்தின் எழுத்துமுறையும் இம்மயக்கத்திற்கு உடந்தை. வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுக்கூடம் நிறுவியது 1476-ஆம் ஆண்டில். அச்சு பரவப் பரவ எழுத்துக்கூட்டல் சிறிது சிறிதாக உறைந்து நின்றது. ஆனால் அதே நூற்றாண்டுகளில் மக்களின் நாவில் உயிரொலிகள் மாறிக்கொண்டேயிருந்தன. சொல்லின் முதலில் ஒலித்த மெய்கள் சில வாய்மொழியில் மறைந்தன. ஏட்டில் மட்டும் எஞ்சின. இரவைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லும் குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்னும் சொல்லும் முன்னர் வெவ்வேறாக ஒலித்தவை. இன்று காதுக்கு ஒன்று, கண்ணுக்கு இரண்டு. எழுதுவது ஒன்று, ஒலிப்பது வேறொன்று என்னும் இந்நிலை ஆங்கிலம் தனக்குத் தானே தேடிக்கொண்டது. தமிழ் அதில் எப்பங்கும் பெறவில்லை.

மூவகை மயக்கம்

மருத்துவன் முதலில் நோயை வகைப்படுத்துவான். பின்னரே மருந்து தருவான். பள்ளிகளிலோ மயங்கும் ஆங்கிலச் சொற்கள் அனைத்தையும் ஒரே கூடையில் போட்டு, 'மனப்பாடம் செய்' என்னும் ஒரே மருந்தைத் தருகின்றனர். உண்மையில் இம்மயக்கம் மூவகைப்படும்.

முதல்வகை, ஒலி ஒன்றாகி எழுத்து வேறானது. தமிழாசிரியர்கள் நன்கறிந்த மயங்கொலிச் சொற்களை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 'கரை', 'கறை' என்பவற்றிலும், 'அலை', 'அளை', 'அழை' என்பவற்றிலும் வேறுபாடு நாவில் உள்ளது. சரியாக ஒலிக்கப் பழகிய மாணவன் சரியாகவே எழுதுவான். ஆங்கிலத்து இரட்டையரில் வேறுபாடு தாளில் மட்டுமே உள்ளது. எத்தனை முறை உரக்கப் படித்தாலும் காது உதவாது. ஆதலின் தமிழ் மயங்கொலிக்கு வாய்ப்பயிற்சியும், ஆங்கில இரட்டையருக்குக் கண்பயிற்சியும் கைப்பயிற்சியும் தேவை. 

இவ்வகைக்கும் தமிழறிவு துணைசெய்யும். 'அங்கே' என்னும் பொருளுடைய 'தேர்' என்னும் ஆங்கிலச் சொல்லை எழுதி, அதன் முதல் எழுத்தை விரலால் மறைத்தால் எஞ்சி நிற்பது 'இங்கே' என்னும் பொருளுடைய 'ஹியர்'. 'எங்கே' என்னும் சொல்லின் முதல் எழுத்தை மறைத்தாலும் அதே 'ஹியர்' எஞ்சும். இங்கே, அங்கே, எங்கே என்று சுட்டும் வினாவும் முதலெழுத்தால் மட்டும் வேறுபடுவதைத் தமிழில் கற்ற பிள்ளைக்கு, ஆங்கிலத்திலும் இம்மூன்றும் ஒரு குடும்பமே என்று காட்டினால் போதும். அக்குடும்பத்தில் சேராத மற்றொரு 'தேர்', அதாவது 'அவர்களுடைய' என்னும் பொருளுடையது, தானே விலகி நிற்கும். அவ்வாறே 'கேட்டல்' என்னும் பொருளுடைய 'ஹியர்' என்ற சொல்லுக்குள் காதைக் குறிக்கும் 'இயர்' என்னும் சொல் அப்படியே ஒளிந்திருக்கிறது. இதனை ஒருமுறை கண்ட பிள்ளை மறவாது.

இரண்டாம் வகை, இலக்கணத்தால் இணைந்தது. எழுதலையும் எழுப்புதலையும் குறிக்கும் 'ரைஸ்', 'ரெய்ஸ்'. கிடத்தலையும் கிடத்துதலையும் குறிக்கும் 'லை', 'லே'. வீழ்தலையும் வீழ்த்துதலையும் குறிக்கும் 'ஃபால்', 'ஃபெல்'. இருத்தலையும் இருத்துதலையும் குறிக்கும் 'சிட்', 'செட்' ஆகியவை இவ்வகையின. இவற்றின் தமிழ்ப்பொருளைக் கூறும்போதே விடை வெளிப்பட்டுவிடுகிறது. ஒவ்வோர் இணையிலும் முன்னது தன்வினை, பின்னது பிறவினை. பழைய ஜெர்மானிய மொழியில் வினையடியோடு ஓர் ஈற்றைச் சேர்த்துப் பிறவினை ஆக்கும் வழக்கம் இருந்தது. அவ்வீறு, தனக்கு முன்னின்ற உயிரொலியை மாற்றிவிட்டுத் தான் மறைந்துபோயிற்று. அதன் எச்சமாகச் சில இணைகளே இன்றைய ஆங்கிலத்தில் வழங்குகின்றன. ஆங்கிலப் பிள்ளைக்கு இவை தொடர்பற்ற உதிரிச் சொற்கள். தமிழ்ப் பிள்ளைக்கோ இவை அன்றாடம் நாவில் புரள்பவை. மாணவன் திருந்தினான், ஆசிரியர் திருத்தினார். கூட்டம் அடங்கியது, தலைவர் அடக்கினார். மெழுகு உருகியது, தீ உருக்கியது. இவற்றுள் ஒன்றையேனும் தமிழ்ப் பிள்ளை மாற்றிச் சொல்வதுண்டா?

இவ்வகையில் ஆங்கிலம் ஒரு பொறியையும் வைத்திருக்கிறது. கிடத்தலின் இறந்தகால வடிவமும் 'லே'. கிடத்துதலின் நிகழ்கால வடிவமும் 'லே'. வீழ்தலின் இறந்தகால வடிவமும் 'ஃபெல்'. வீழ்த்துதலின் நிகழ்கால வடிவமும் 'ஃபெல்'. ஆங்கிலேயரே இதில் இடறி விழுவதற்குக் காரணம் இதுதான். 'கிடந்தான்', 'கிடத்துகிறான்' என்று இரண்டையும் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் மொழியைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மொழியே மயக்கத்திற்குக் காரணம் என்பது வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதைவிடப் பேதைமை. வெண்ணெயை வீதியில் கொட்டிவிட்டு நெய்க்கு அலைவதாகும்.

மூன்றாம் வகை, பொருளால் நெருங்கியது. 'கம்', 'கோ' என்பனவும், 'பிரிங்', 'டேக்' என்பனவும் இதற்குச் சான்று. ஒருவர் இருக்கும் இடத்தை நோக்கி வருவதா, அவ்விடத்தைவிட்டு அகல்வதா என்பதைப் பொறுத்தே இச்சொற்கள் வேறுபடுகின்றன. தொல்காப்பியர் தம் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே இதனைப் பேசிவிட்டார். செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு சொற்களை எடுத்துக்கொண்டு, வருதலும் தருதலும் தன்மை முன்னிலைகளுக்கு உரியன என்றும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியன என்றும் வகுத்தார். கேட்பவர் இருக்கும் இடத்திற்குச் செல்பவர், 'உங்கள் வீட்டிற்கு நாளை வருகிறேன்' என்று சொல்வதே தமிழ் மரபு. ஆங்கிலத்திலும் அவ்விடத்தில் 'கம்' என்பதே மரபு. 'பிரிங்' என்பது கொண்டுவருதல். 'டேக்' என்பது கொண்டுபோதல். வருதலையும் போதலையும் பிரித்தறிந்த பிள்ளைக்கு இதில் மயங்க என்ன இருக்கிறது? ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் இழிந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கூற்றென்று பிரித்துக்காட்டிய இலக்கண மரபில் வந்தோர், சொல்லின் நுண்மை அறியாதவர் என்று தம்மைத் தாமே இழித்துக்கொள்ளலாமா?

எண்ணிக்கையைக் குறிக்கும் 'ஃபியூ', அளவைக் குறிக்கும் 'லிட்டில்' என்னும் இரண்டும் அத்தகையனவே. 'சில மாணவர்', 'சிறிது நீர்' என்றே தமிழ்ப் பிள்ளை சொல்லும். 'சில நீர்' என்று சொல்லாது. எண்ணல் வேறு, முகத்தல் வேறு என்று அளவைகளைப் பிரித்த மொழி தமிழ். ஆங்கிலத்திலோ 'லெஸ்', 'ஃபியூவர்' என்னும் சொற்களுக்கிடையே இன்று ஆசிரியர் வற்புறுத்தும் வேறுபாடு, 1770-ஆம் ஆண்டில் ராபர்ட் பேக்கர் என்பவர் தம் விருப்பமாக எழுதிவைத்து, பின்வந்தோர் விதியாக ஆக்கிக்கொண்டது.

தமிழின் பங்கு எவ்வளவு?

இனி, முதலில் கூறிய 'பாரோ', 'லெண்ட்' இணையை ஆராய்வோம் என்றால், அங்கும் தமிழின் கைவரிசையைக் காணமுடியவில்லை. இரவல் வாங்குவதும் இரவல் கொடுப்பதும் தமிழில் முற்றிலும் எதிரானவை. மலாய்மொழியிலோ 'பின்ஜாம்' என்னும் ஓர் அடியிலிருந்தே இரண்டும் பிறக்கின்றன. திருந்திய வழக்கில் 'மெமின்ஜாம்' என்றும் 'மெமின்ஜாம்கான்' என்றும் ஒட்டுகளால் அவை தெளிவாக வேறுபடும். பேச்சில் ஒட்டுகள் உதிர்ந்துவிடும். விளக்கை ஏற்று என்பதற்கு 'விளக்கைத் திற' என்று பொருள்படும்படி ஆங்கிலத்தில் சொல்லும் வழக்கும் இந்நாட்டில் உண்டு. அது 'புக்கா லம்பு' என்னும் மலாய் வழக்கோடு ஒத்துச்செல்வது. தமிழில் விளக்கை ஏற்றுவர், போடுவர், அணைப்பர். திறப்பதும் மூடுவதும் இல்லை. இது மலாய்மொழியின் குறையன்று. ஒவ்வொரு மொழிக்கும் உலகைப் பாகுபடுத்தும் வழி வேறு. பலமொழி வழங்கும் நாட்டில் பிள்ளையின் ஆங்கிலத்தில் பலமொழிச் சாயலும் படிவது இயல்பு. சாயல் எம்மொழியுடையது என்று பாராமலே எல்லாவற்றையும் தமிழின் கணக்கில் எழுதுவதுதான் அநீதி.

அதற்காகத் தமிழால் விளையும் மயக்கமே இல்லை என்று வாதிடுவதும் நேர்மையாகாது. 'கேள்' என்னும் ஒரு சொல்லே வினவுதலையும் செவிமடுத்தலையும் குறிக்கும். 'பார்' என்பது ஆங்கிலத்தின் மூன்று சொற்களுக்கு ஈடாக நிற்கும். இத்தகைய இடங்களில் தமிழ்ப் பிள்ளை தடுமாறும். ஆயினும் இங்கும் திருத்தம் தமிழின் வழியே எளிதாகும். ஓசை தானே செவியில் விழுவது ஒன்று. செவிசாய்த்துக் கேட்பது மற்றொன்று. கண்ணில் படுவது ஒன்று, நோக்குவது மற்றொன்று. காண்டலையும் நோக்கலையும் பிரித்தறிந்த மொழிக்கு ஆங்கிலத்தின் 'சீ', 'லுக்' என்னும் வேறுபாடு புதிதன்று. பேச்சுத்தமிழில் மங்கிப்போன வேறுபாடு இலக்கியத்தமிழில் ஒளியோடு இருக்கிறது. ஆங்கிலம் தடுமாறுவது தமிழ் மிகுந்ததால் அன்று, தமிழ் குறைந்ததால்.

மற்றொரு குற்றம் தமிழ்மொழியினுடையதன்று. தமிழெழுத்தைத் தவறாகப் பயன்படுத்துவோருடையது. ஆங்கிலச் சொற்களின்மேல் தமிழெழுத்தால் ஒலிப்பை எழுதிவைத்துப் படிக்கும் பழக்கம் மாணவரிடம் உண்டு. 'இழத்தல்' என்னும் பொருளுடைய சொல்லையும் 'தளர்ந்தது' என்னும் பொருளுடைய சொல்லையும் தமிழெழுத்தில் எழுதினால் இரண்டும் 'லூஸ்' என்றே ஆகும். பையும் முதுகும் 'பேக்' என்னும் ஒரே வடிவம் பெறும். ஆங்கிலத்தில் தெளிவாக வேறுபடும் ஒலிகளை இப்பழக்கம் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழெழுத்து தமிழொலிகளுக்காக அமைந்தது. ஆசிரியர் இப்பழக்கத்தை முதலாண்டிலேயே தடுத்தல் வேண்டும்.

பட்டியல் என்னும் பெருநோய்

மயக்கத்தை வளர்ப்பது எது என்னும் கேள்விக்கு விடை, பிள்ளையின் பையிலிருக்கும் பயிற்சிநூல்களைப் புரட்டினால் கிடைக்கும். 'மயங்கும் சொற்கள்' என்னும் தலைப்பில் ஒரு பக்கம். அதில் இருபதோ முப்பதோ இணைகள். எதிரே வெற்றிடம் நிரப்பும் பயிற்சி. ஒரே நாளில், ஒரே பக்கத்தில், ஒன்றையொன்று ஒத்த சொற்களை அருகருகே நிறுத்திக் காட்டினால் பிள்ளையின் நினைவில் அவை பிரிந்து நிற்குமா, பின்னிக்கொள்ளுமா?

இக்கேள்விக்கு ஆய்வாளர் விடை கண்டுள்ளனர். தாமஸ் டிங்கம் 1993-ஆம் ஆண்டிலும் ராபர்ட் வேரிங் 1997-ஆம் ஆண்டிலும் வெளியிட்ட ஆய்வுகளில், கற்போருக்குப் புனைந்துருவாக்கிய புதுச்சொற்களைக் கற்பித்துச் சோதித்தனர். பொருளால் ஓரினமான சொற்களை ஒருசேரக் கற்றபோது, தொடர்பற்ற சொற்களைக் கற்றதைவிட மிகுதியான முயற்சி தேவைப்பட்டது என்பதே இருவரும் கண்ட முடிவு. ஒத்த சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகுந்து நினைவைக் குலைக்கின்றன. இதனை அறிய ஆய்வுக்கூடமும் வேண்டுவதில்லை. இரட்டைப் பிள்ளைகளுள் ஒருவனோடு ஓராண்டு பழகியவன், மற்றவன் வந்து நின்றதும் வேறுபாட்டைக் கண்டுகொள்வான். இருவரையும் ஒரே நாளில் சந்தித்தவனோ இறுதிவரை தடுமாறுவான்.

பட்டியல் முறைக்குத் தேர்வையே காரணமாகச் சொல்லிவந்தனர். 2021-ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு கைவிடப்பட்டது, ஆயினும் பட்டியல் கைவிடப்படவில்லை. அதற்குக் காரணம் வெளிப்படை. பட்டியல் கற்பிப்போருக்கு எளிது, திருத்துவோருக்கு எளிது, அச்சிடுவோருக்கு ஆதாயம். கற்கும் பிள்ளைக்கு மட்டுமே அது பாரம். பிள்ளை பத்துக்கு ஐந்து பெற்றுத் திரும்பும்போது, பட்டியலைக் குறைகூறுவார் இலர். பிள்ளையின் தாய்மொழியைக் குறைகூறுவர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடம் கோணலன்று.

தமிழைப் பூட்டிவைக்கும் விதி

"ஆங்கில வகுப்பில் ஆங்கிலம் மட்டுமே" என்னும் விதியை வேதவாக்காகக் கொள்வோர் உளர். இக்கொள்கை எங்கிருந்து வந்தது? 1961-ஆம் ஆண்டில் உகாண்டா நாட்டின் மக்கரேரேயில் நடைபெற்ற காமன்வெல்த் மாநாடு, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பது பற்றி ஆராய்ந்தது. அம்மாநாட்டோடு வலுப்பெற்ற ஐந்து நம்பிக்கைகளுள் ஒன்று, ஆங்கிலத்தை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே கற்பித்தல் சிறந்தது என்பது. அந்நம்பிக்கைகள் ஐந்தும் பிழையானவை என்று ராபர்ட் ஃபிலிப்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் வாதிட்டார். வகுத்தவர் நாட்டிலேயே ஐயுறப்படும் விதியைப் பிற நாட்டார் கண்மூடிக் காப்பது ஏன்?

"தமிழில் விளக்கினால் பிள்ளை தமிழிலேயே சிந்திக்கும், ஆங்கிலத்தில் சிந்திக்கப் பழகாது" என்பர் சிலர். இதில் ஓரளவு உண்மை உண்டு. பாடம் முழுவதையும் வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொல்லும் ஆசிரியர் பிள்ளைக்கு ஊன்றுகோல் தருகிறார். அக்கோல் நாளடைவில் காலாகிவிடும். அதனை எவரும் பரிந்துரைக்கவில்லை. ஈண்டுக் கூறப்படுவது வேறு. பிள்ளை இருளில் தடுமாறும் ஓரிடத்தில், ஒரு மணித்துளி விளக்கைக் காட்டிவிட்டு மீண்டும் ஆங்கிலத்துக்கே திரும்புவது. 'லை', 'லே' என்னும் வேறுபாட்டை ஆங்கிலத்திலேயே விளக்க முயன்று அரைமணி நேரத்தைப் போக்குவதைவிட, 'கிட, கிடத்து' என்று இரு சொற்களில் முடித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் பிள்ளையை ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் வைப்பதே மிகுதியான ஆங்கிலம் தருவதாகும். 

"ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தமிழ் தெரியாவிடில் என் செய்வது?" என்று வினவுவாரும் உளர். வினா நியாயமானது, விடையும் அருகிலேயே உள்ளது. பக்கத்து வகுப்பறையில் தமிழாசிரியர் இருக்கிறார். இருவரும் ஒரே ஆசிரியர் அறையில் ஒரே தேநீரைப் பருகுகின்றனர். அவர்கள் பாடத்தைப் பற்றி வாரத்திற்கு ஒருமுறை பேசிக்கொள்ளத் தடை என்ன?

செய்ய வேண்டுவன

தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆறு ஆண்டுகள் மட்டுமே தமிழின் நிழலில் இருக்கிறது. பின்னர், மலாய்மொழியைப் பயிற்றுமொழியாகக் கொண்ட தேசிய இடைநிலைப்பள்ளிக்கோ அதற்கு முன் ஓராண்டு புகுமுக வகுப்பிற்கோ சென்றுவிடும். அதன்பின் தன்வினை எது, பிறவினை எது என்று தமிழ்வழி எடுத்துக்காட்டி ஆங்கிலத்தைத் தெளிவிக்கும் வாய்ப்பு அரிதாகிவிடும். ஆதலின் இவ்வாறு ஆண்டுகளில் செய்யாததை எப்போதும் செய்ய இயலாது என்று கருதியே திட்டமிடல் வேண்டும்.

அத்திட்டம் செலவற்றது. தமிழ்ப் பாடத்தில் தன்வினை பிறவினை கற்பிக்கும் வாரத்திலேயே ஆங்கிலப் பாடத்தில் 'ரைஸ்', 'ரெய்ஸ்' முதலிய நான்கு இணைகளும் இடம்பெறட்டும். சுட்டும் வினாவும் கற்பிக்கும்போது 'ஹியர்', 'தேர்', 'வேர்' என்னும் குடும்பம் அறிமுகமாகட்டும். மயங்கும் இரு சொற்களுள் மிகுதியாக வழங்குவதை முதலில் கற்பித்து, வாக்கியங்களில் பலமுறை பயன்படுத்தி, அது வேரூன்றிய பின்னரே மற்றதைக் கொண்டுவருதல் நன்று. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தும் பயிற்சி இறுதியில் வரும் சோதனையாக இருக்கலாம். தொடக்கத்தில் வரும் பாடமாக இருத்தலாகாது. ஒலியொத்த சொற்களை வாக்கியத்தில் வைத்துக் கையால் எழுதச் செய்தல் வேண்டும். தனிச்சொல்லாக நூறுமுறை எழுதிய பிள்ளை, வாக்கியத்தில் வந்தவுடன் தடுமாறும்; வாக்கியத்தில் பத்துமுறை எழுதிய பிள்ளை தடுமாறாது. ஆசிரியர் கல்விக் கழகங்களில் பயிலும் இளைஞர்க்கும் இவ்விரு மொழி இலக்கணங்களையும் ஒப்பிட்டுக் காணும் பயிற்சி அளித்தல் வேண்டும். தொல்காப்பியத்தைத் தேர்வுக்கு மட்டும் படித்து மறந்துவிடும் பயிற்சி ஆசிரியர், தம் கையிலிருக்கும் கருவியின் பயனை அறியாமலே வகுப்பறைக்குள் நுழைகிறார்.

தமிழ்ப்பள்ளிக்கு ஆதரவு தேடுவோர் பெரும்பாலும் உணர்ச்சியையே துணைக்கழைக்கின்றனர். "தாய்மொழி உயிர்" என்று மேடையில் முழங்கினால் கைதட்டல் எழும், ஆனால் மறுநாள் காலையில் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரும் பெற்றோர் கேட்பது, "இங்கே படித்தால் என் பிள்ளைக்கு ஆங்கிலம் வருமா?" என்னும் ஒரே வினாவைத்தான். அவ்வினாவை இழிவாக எண்ணி ஒதுக்குவது தவறு. பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிக் கவலைப்படும் உரிமை பெற்றோருக்கு உண்டு. அவர்களுக்குத் தேவை முழக்கமன்று, சான்று. கிட, கிடத்து என்று அறிந்த பிள்ளை ஆங்கிலத்தின் கடினமான இணையொன்றில் தடுமாறாமல் நிற்பதை அவர்கள் தம் கண்ணால் காணட்டும்.

அதற்கு முன் ஆசிரியர்கள் தம் உள்ளத்திலுள்ள அச்சத்தை அகற்றல் வேண்டும். ஆங்கில வகுப்பில் தமிழைக் கண்டு நாணும் ஆசிரியர், வகுப்பிலிருக்கும் பிள்ளைக்கும் அந்நாணத்தையே கற்பிக்கிறார். இருபது இணைகளை அப்பிள்ளை மறந்துவிடக்கூடும். தன் மொழியைக் குறித்து நாணக் கற்றதை மட்டும் மறக்கவே மறக்காது.